ஓநாயை ஒழிச்சுப் போடாதீங்க, சாமி

கண்ணு, நேத்து போன்ல நீ கேட்டது எனக்கு நல்லாப் புரிஞ்சுது. "எல்க் மான் வேட்டைக்கு டேக், அதான் அனுமதிச் சீட்டு, வாங்கிப்போட்டேன் அப்புச்சி. சனிக்கெழமை என்ற வேட்டைக்காரச் சினேகிதருங்க ரெண்டு பேரும் ஓநாய்ப் பேச்சை எடுத்தா நான் யார் பக்கம் பேசட்டும்?"னு கேட்டே. ரெண்டு பேர்த்துகிட்டயும் துப்பாக்கி இருக்குது. உன்ற கையில காப்பிக் கோப்பைதான் இருக்குது. அப்பேர்ப்பட்ட எடத்துல பக்கம் பாத்துப் பேசுனா, பொழைக்கத் தெரியாதவன்னு பேரு வாங்கிக்குவே. சித்தெ பொறுமையா நான் சொல்றதைக் கேளு.

போன வருசம் நான் அமெரிக்காவுக்கு, ஐடஹோ மாநிலத்துப் போய்சிக்கு வந்து உங்க ஊட்டுல உக்காந்திருந்தப்ப, எனக்கு இருந்த ஒரே பொழுதுபோக்கு உன்ற சினேகிதர் ஊட்டுக் கார் ஷெட்டுதான். உத்தரத்துல எல்க் மானோட பின்னந்தொடை ரெண்டு, வெள்ளைத் துணிப்பையில கட்டித் தொங்கும். கீழ சிமெண்டுத் தரையில பிளாஸ்டிக் பேப்பரை விரிச்சிருப்பாங்க. நான் மடக்கு நாற்காலியில உக்காந்துக்குவேன். தாடிக்காரர் கத்தியைச் சாணை புடிச்சுக்கிட்டே ஆரம்பிப்பாரு: "மானெல்லாம் போச்சு. கனடாவிலிருந்து ராட்சச ஓநாயைக் கொண்டாந்து உட்டுட்டாங்க." கண்ணாடிக்காரர் ஒரு வெள்ளைச் சவ்வைக் கறியிலிருந்து மெதுவா உரிச்சு எடுத்துக்கிட்டே பதில் சொல்வாரு: "மான் இருக்குது. நடக்கத்தான் ஆளில்லை." அவ்வளவுதான், பொழுது உழுகற வரைக்கும் நடக்கும். ரெண்டு பேரும் தங்கமான மனுசருங்க. தீவாளிக்கு வந்து முறுக்குத் தின்னுபோட்டு உங்கம்மாகிட்ட இன்னும் கேட்டு வாங்கிட்டுப் போனவங்க. ஓநாய்னு ஒரு பிராணி இல்லைன்னா அவீங்களுக்குள்ள சண்டைக்கே வழியில்லை.

மொதல்ல நடந்ததைத் தெரிஞ்சுக்கோ. தெரிஞ்சுக்கோன்னுதான் சொல்றேன், பேசுன்னு சொல்லலை. யெல்லோஸ்டோன் பூங்காவுல கடைசி ஓநாய்களை 1926ல அரசாங்கத்து ஆளுகளே கொன்னு தீத்தாங்க. பொறவு அதே அரசாங்கத்துக்குப் புத்தி வந்து, 1995லயும் 1996லயும் கனடாவுல புடிச்சு 66 ஓநாயைக் கொண்டாந்துது. 31 யெல்லோஸ்டோனுக்கு, 35 உங்க ஐடஹோவுக்கு. யெல்லோஸ்டோனுக்குப் போனதுகளைப் பட்டியில அடைச்சு, சோறு போட்டு, எடம் பழக்கி அப்பறமா உட்டாங்க. ஐடஹோவுக்கு வந்ததுகளுக்கு அந்த மரியாதை இல்லை. நடுக்காட்டுல பொட்டியைத் தெறந்து, போ சாமின்னு உட்டுட்டாங்க. மாப்பிள்ளை ஊட்டு மொறையும் கூலிக்காரன் மொறையும் அங்கயும் இருக்குது பாரு. இந்த 66ங்கற கணக்கை மனசுல மட்டும் வெச்சுக்கோ. தாடிக்காரர் வாயில அது லாரி லாரியா வந்து எறங்கும். கண்ணாடிக்காரர் வாயில அது நாலு நாய்க்குட்டி ஆயிப்போகும்.

எடை விசயத்துலயும் அப்படித்தான். தாடிக்காரர் பாத்தது இருநூறு பவுண்டு ஓநாய். அந்தப் பக்கம் அதிகாரிக புடிச்சு மயக்கி எடை போடறப்ப, வளந்த ஆண் ஓநாய் நூறு, நூத்திப்பத்து பவுண்டுதான் நிக்குது. ஓநாய் தராசுல ஏறுனா எளைச்சுப்போகுது, வாயில ஏறுனாக் கொழுத்துப்போகுது. நீ எளவட்டம், உடனே போனைத் தட்டிப் பாத்து "அண்ணா, இதுல நூத்திப்பத்துன்னுதான் போட்டிருக்குது"ன்னு காட்டிராத. அப்படிக் காட்டுனவனை மறுக்கா மலைக்குக் கூட்டிட்டுப் போக மாட்டாங்க. "அதோட கண்ணு எப்படிங்க இருந்துச்சு?"னு கேளு. அரை மணி நேரம் அவரு பேசுவாரு, எடையை அவரே மறந்துபோவாரு.

அவரு அந்த ஓநாயைப் பாத்த கதை நெசமாவே நல்ல கதை, கண்ணு. செப்டம்பர்ல வில் வேட்டை. விடியாத நேரம், புல்லெல்லாம் பனியில நனைஞ்சு கெடக்குது. உழுந்த மரம் ஒண்ணுக்குப் பின்னால மண்டி போட்டு, பெட்டை மான் கொரல்ல ஊதலை ஊதறாரு, கடா வரட்டும்னு. தன்ற வாசம் தெரியக்கூடாதுன்னு மான் மூத்தரத்தை வேற சட்டையில தெளிச்சிருக்கறாரு. அது கடையில பாட்டில்ல விக்கறாங்களாமே, அதைக் கேட்டப்ப எனக்குச் சிரிப்பு அடங்கறதுக்கு நேரமாச்சு. கடா வரலை. முப்பது தப்படியில சத்தமே இல்லாம சாம்பல் நெறத்துல ஒண்ணு நிக்குது. இவரு அதைப் பாக்கறாரு, அது இவரைப் பாக்குது. அம்பை நாண்ல பூட்டலாமான்னு கை நடுங்குது. அது ஒரு தரம் காத்தை மோந்துபோட்டு, திரும்பி, அவசரமே இல்லாம நடந்து போயிருச்சு.

மொத தடவை சொல்றப்ப ஒரு ஓநாய்தான். தீவாளிக்குச் சொல்றப்ப மூணு. நன்றித் திருநாளுக்கு வான்கோழி அறுக்கறப்ப ஏழாச்சு, அதுல ரெண்டு அவரைச் சுத்தி வளைச்சுது. கண்ணாடிக்காரர் சிரிச்சுப்போட்டாரு, அதோட விருந்து கெட்டுது. நான் மனசுக்குள்ள நெனைச்சதை உன்கிட்ட இப்பத்தான் சொல்றேன்: மானாட்டம் மணத்துக்கிட்டு, மான் கொரல்ல வா வான்னு கூப்பிட்டது இவரு. கூப்பிட்ட மொறைக்கு வந்த விருந்தாளியைப் பாத்து "என்னைத் தொரத்துச்சு"ங்கறாரே, இது என்ன நியாயம்? வந்து பாத்து ஏமாந்துபோனது அந்த ஓநாய். அது தன்ற கூட்டத்துல போயி என்ன சொல்லிச்சோ, எத்தனை வேட்டைக்காரருன்னு சொல்லிச்சோ!

அதுக்காக "ஓநாய் மனுசனை ஒண்ணும் பண்ணாது"ன்னு கண்ணாடிக்காரர் நீட்டி முழக்கறப்ப நீ தலையாட்டிராத. வட அமெரிக்காவுல இந்த நூத்தாண்டுல காட்டு ஓநாய் ஆளைக் கொன்னதா முடிவு கட்டுனது ரெண்டே ரெண்டு: 2005ல கனடாவுல ஒண்ணு, 2010ல அலாஸ்காவுல ஒண்ணு. அது நெசம். ஆனா நம்ம நாட்டுல உத்தரப் பிரதேசத்து பஹ்ராயிச் பக்கம் 2024ல கொழந்தைகளைத் தூக்கிட்டுப் போனதும் நெசம். அங்க பிள்ளையைப் பறிகுடுத்த தாய்கிட்டப் போயி இவரு சொற்பொழிவு பண்ண முடியுமா? ஓநாய் எந்த ஊருல, எந்த நெலமையில இருக்குதுங்கறதைப் பொறுத்தது அது.

மான் கணக்குக்கு வா. இதுலதான் நீ மாட்டிக்குவே. தாடிக்காரர் துருப்புச் சீட்டை எறக்குவாரு: "யெல்லோஸ்டோன் வடக்குக் கூட்டத்துல ஓநாய் வர்றப்ப 19,000 எல்க். 2013ல 4,000கூட இல்லை." அது சரியான கணக்குதான். கண்ணாடிக்காரர் உடனே, "அதே வருசங்கள்ல கரடி பெருகுச்சு, பூமா பெருகுச்சு, 1996–97ல பனி கொன்னுது, பூங்காவை உட்டு வெளிய வந்த மானைக் குளிர்காலத்துல நீங்களே வரிசையில நின்னு சுட்டீங்க"ம்பாரு. அதுவும் சரிதான். கன்னு போட்ட மொத வாரங்கள்ல எதெது தின்னுதுன்னு காதுல கருவி மாட்டிப் பாத்தாங்க. யெல்லோஸ்டோன்ல ஓநாய் தின்னதைவிடக் கரடி தின்னதுதான் எச்சு. மொன்டானாவுல பிட்டர்ரூட் பக்கம் பாத்தப்ப, அங்க பூமாதான் எச்சு.

ஆனா பாரு, கரடியைத் திட்ட ஒருத்தருக்கும் வாய் வரமாட்டேங்குது. பூமாவையும் யாரும் கோர்ட்டுக்கு இழுக்கலை. ஏன்னு ரெண்டு மாசம் அந்த நாற்காலியில உக்காந்து யோசிச்சேன். கரடியும் பூமாவும் கம்முனு திங்குதுங்க. ஓநாய் மட்டும் தின்னுபோட்டு, நெலா வெளிச்சத்துல மேட்டு மேல ஏறி நின்னு, நான் இங்கதான் இருக்கறேன்னு ஊருக்கே கேக்கறாப்பல ஊளையிடுது. கம்முனு திங்கறவன் எங்கயும் தப்பிச்சுக்கறான், கண்ணு. நம்ம பஞ்சாயத்துலயும் அப்படித்தான்.

ஒரே எடத்துல தாடிக்காரர் பேச்சை நீ நின்னு கேக்கோணும். அது லோலோ. ஐடஹோவோட வடக்குப் பக்கத்துல, மொன்டானா எல்லை ஓரத்துல இருக்கற மலைக்காடு. 1910ல ரெண்டு நாள்ல முப்பது லட்சம் ஏக்கர் எரிஞ்ச பெருந்தீயில அந்தப் பக்கமும் எரிஞ்சுது. எரிஞ்ச எடத்துல தளதளன்னு புதரு மொளைச்சுது, அதைத் தின்னு எல்க் பெருகுச்சு. 1980கள் முடியறப்ப 16,000 இருந்துது. பொறவு மரம் வளந்து மூடிக்கிச்சு, புதரு செத்துது, பனி அடிச்சுது, மான் கொறைய ஆரம்பிச்சுது. கொறைஞ்சுக்கிட்டு இருந்த நேரமாப் பாத்து ஓநாயும் வந்து சேந்துது. 2010ல 2,000 தான் மிச்சம். ஓநாய் ஆரம்பிச்சு வெக்கலை, ஆனா எந்திரிக்க உடாம அமுக்கிப் புடிக்கறதுல அதுக்குப் பங்கு இருக்குதுன்னு ஐடஹோ வனவிலங்குத் துறையே சொல்லுது. தாடிக்காரரோட அப்பா அந்த மலையில குதிரை வெச்சு வேட்டைக்கு ஆளு கூட்டிட்டுப் போயிப் பொழைச்சவரு. குதிரையெல்லாம் வித்துப்போட்டாங்க. சேணம் மட்டும் கார் ஷெட்டு மூலையில தொங்குது, நீயே பாத்திருப்பே, தோலு வெடிச்சுப் போயிக் கெடக்குது. கண்ணாடிக்காரர் அவருகிட்ட, "மாநிலம் பூராவும் பாத்தா எல்க் ஒரு லட்சத்துக்கு மேல இருக்குது, சராசரி நல்லாத்தான் இருக்குது"ங்கறாரு. நான் முப்பது வருசம் ஆடு மேச்சவன். பட்டியில ஆட்டைப் பறிகுடுத்தவன்கிட்டப் போயிச் சராசரி பேசறவனுக்கு எங்கூர்ல மோர்கூடக் குடுக்க மாட்டாங்க.

அதே தாடிக்காரர் மறுநாள் "ஓநாய் அந்தச் சின்னக் கன்னுகளைக் கொல்லுதே"ன்னு கண்ணைத் தொடைச்சப்ப, எனக்குப் பழமொழி ஞாபகம் வந்துபோச்சு. ஆடு நனையுதேன்னு ஓநாய் அழுதுச்சாம். இங்க மான் சாகுதேன்னு, ஐடஹோவுல மட்டும் வருசத்துக்குச் சுமார் 20,000 எல்க் சுடறவங்க அழுவறாங்க. சுடட்டும், கறி நல்லாத்தான் இருக்குது. மொளகு போட்டு வறுத்தா நம்மூரு வெள்ளாட்டுக்கறிகிட்டக்க வருது. ஆனா அழுவறதை மட்டும் உட்டுப்போடலாமில்ல?

ஓநாய் எத்தனை இருக்குதுன்னு எண்ணறது இன்னொரு கூத்து. ஐடஹோவுல மரத்துக்கு மரம் நூத்துக்கணக்குல கேமராவைக் கட்டி எண்ணுனாங்க. 2019ல ஆயிரத்து ஐநூறு சொச்சம்னாங்க, 2022ல 1,337ன்னாங்க. தாடிக்காரர், "மூவாயிரம் இருக்கும், மறைக்கறாங்க"ங்கறாரு. மொன்டானாவுல இன்னும் வேடிக்கை. அங்க வேட்டைக்காரருங்களுக்கே போன் போட்டு, "எங்க, எத்தனை ஓநாயைப் பாத்தீங்க?"ன்னு கேட்டு, அதைக் கணக்குல சேத்துத்தான் மொத்தத்தைச் சொல்றாங்க. ஆயிரத்து நூறு வாக்குல வருது. அவீங்களே சொன்னதை வெச்சுப் போட்ட கணக்கை அவீங்களே நம்ப மாட்டேங்கறாங்க. தன்னோட சினேகிதருங்க யோக்கியதை தெரிஞ்சவங்க போல!

சட்டம் போன வழியையும் கொஞ்சம் கேளு, சீக்கிரம் சொல்லிப்போடறேன். ஐடஹோ, மொன்டானா, வயோமிங் மூணு மாநிலத்துலயும் சேத்து 300 ஓநாய், குட்டி போடற சோடி 30 வந்தாப் போதும்னு வெச்ச இலக்கு 2002லயே நெறைஞ்சுது. 2009ல மொத வேட்டை. கோர்ட்டு நிறுத்துச்சு. 2011ல அமெரிக்கக் காங்கிரஸ்ல வரவு செலவு மசோதாவுக்குள்ள ஒரு வரியைச் சொருகி, மொன்டானா, ஐடஹோ ஓநாய்களைப் பாதுகாப்புப் பட்டியல்ல இருந்து எடுத்துப்போட்டாங்க. சொருகுனவங்க மொன்டானாவோட ஜான் டெஸ்டர், ஐடஹோவோட மைக் சிம்சன். ஒருத்தர் டெமாக்ரட், ஒருத்தர் ரிபப்ளிகன். அந்த ஊருல அந்த ரெண்டு கட்சியும் கை கோத்த அதிசயத்துக்கு ஓநாய்தான் தரகுக்காரன். அதுக்கு ஒரு செலையாச்சும் வெச்சிருக்கலாம்.

அந்த மொத வேட்டையில ஐடஹோவுல உள்ளூர்க்காரருக்கு ஒரு டேக் 11 டாலர் 50 காசு. இருபத்தஞ்சாயிரத்துக்கு மேல வித்துது. செத்த ஓநாய் இருநூறுகூட இல்லை. "ஓநாய்க் கூட்டம் முட்டிக்கிட்டு நிக்குது"ன்னவங்க, துப்பாக்கியோட போனப்ப ஒண்ணையும் காணோமாம்! 2021ல இதுக்கும் வழி பண்ணுனாங்க. ஐடஹோவுல ஒருத்தர் எத்தனை வேணும்னாலும் கொல்லலாம், தனியார் நெலத்துல வருசம் பூராவும் பொறி வெக்கலாம்னு சட்டம். மொன்டானாவுல தனியார் நெலத்துல எரை போட்டு, ராத்திரி நேரத்துல சுடலாம்னு சட்டம். செலவானதைத் திருப்பிக் குடுக்கறோம்னு ஆயிரம் டாலருக்கு மேல நீட்டற சங்கமும் இருக்குது.

இங்கதான் வேட்டைக்காரருங்களுக்குள்ளயே பாத்தி பிரிஞ்சுபோச்சு. பழைய ஆளுக, "ராத்திரியில கறித்துண்டைப் போட்டுட்டு இருட்டுல பாக்கற கண்ணாடி மாட்டிக்கிட்டு உக்காந்திருக்கறது வேட்டையா?"ன்னு மொகம் சுளிக்கறாங்க. நாய் வெச்சுப் பூமா வேட்டையாடற ஒருத்தர் வருவாரே, அவரு பாடு இன்னும் மோசம். நாய் கழுத்துல கருவி கட்டியிருக்குது, கையில இருக்கற சின்னத் திரையில நாய் ஓடற எடம் புள்ளியாத் தெரியும். ஒரு நா அதுல மூணு புள்ளி ஓடிக்கிட்டு இருந்துது, ஒண்ணு நின்னுது, பொறவு இன்னொண்ணும் நின்னுது. பனியில ரெண்டு மணி நேரம் ஏறிப் போயிப் பாத்திருக்கறாரு. அதை அவரு சொல்றப்ப யாரும் மூச்சு உடலை. அந்த மனுசன் ஓநாயை வெறுக்கறதுல எனக்கு ஒரு கேள்வியும் இல்லை. ஆனா அவரு பொறிக்காரனையும் அதே அளவு வெறுக்கறாரு, ஓநாய்க்கு வெச்ச கண்ணியில நாய் மாட்டாதான்னு. அவருக்கு எந்தப் பக்கமும் இல்லை. அதனால சனிக்கெழமை அவரு பக்கத்துல உக்காந்துக்கோ, பத்திரமான எடம்.

கண்ணாடிக்காரரை உட்டுட்டேன்னு நெனைக்காத. அவரு யெல்லோஸ்டோன் பூங்காவோட லாமார் பள்ளத்தாக்குல விடியக்காலம் தொலைநோக்கியை நட்டு வெச்சு, நம்பர் போட்ட ஓநாய்களைச் சொந்தக்காரங்களாட்டம் விசாரிக்கறவரு. அங்க புகழ் பெத்த ஒரு பெட்டை ஓநாய், 06ன்னு கூப்புடுவாங்க, 2012 டிசம்பர்ல பூங்கா எல்லைக்கு வெளிய வயோமிங்குல போயிச் சட்டப்படி சுடப்பட்டுச்சு. பத்திரிகையில எல்லாம் இரங்கல் வந்துது. இவரு இன்னும் அதைச் சொல்றப்பக் கொரல் தழுதழுக்குது. பேரு வெச்ச ஓநாய்க்கு இவ்வளவு கண்ணீரு. அது வாழ்நாள்ல தின்ன மானுக்குப் பேரு இல்லை, அதனால அழுவ ஆளில்லை. அவருக்கு ஓநாய் சாமியாரு, தாடிக்காரருக்கு ஓநாய் ராட்சசன். பசிச்ச மிருகமா அதைப் பாக்கறவங்க அந்தக் கார் ஷெட்டுல நானும் அந்தத் தொங்கற மானுந்தான்.

ஓநாயோட சாமர்த்தியத்தையும் கேட்டுக்கோ. அது எல்க்கைத் தொரத்துனா அஞ்சு தரத்துல ஒரு தரம் கெடைக்கறதே பெரிய காரியம். மிச்ச நேரம் ஒதை வாங்கிட்டு, பட்டினியாப் படுக்குது. உங்க ஐடஹோவுல எல்க் வேட்டைக்குப் போறவங்கள்லயும் அஞ்சுல ஒருத்தருக்குத்தான் மான் கெடைக்குது. ரெண்டு பேரும் ஒரே கெட்டிக்காரனுங்கதான். ஒரே வித்தியாசம், வெறும் வயித்தோட திரும்பற ஓநாய் ஊட்டுல யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை.

அதனாலதான் சொல்றேன், ஓநாயை ஒழிச்சுப்போடறதுக்கு நீ ஒத்துக்கவே கூடாது. அது கண்ணாடிக்காரரோட தருமத்துக்காக இல்லை. தாடிக்காரரோட குடும்ப நிம்மதிக்காக. நாலு நா மலையில சுத்தி, ஆயிரம் டாலர் பெட்ரோலும் பீரும் செலவு பண்ணி, வெறுங்கையோட ஊடு வந்து சேர்ற மனுசன், ஓநாயும் இல்லைன்னா பொண்டாட்டிகிட்ட என்னன்னு சொல்வாரு? ஒரு நா அவரோட அம்மா, எம்பது வயசுக் கெழவி, சேணத்துக்குப் பக்கத்துல உக்காந்திருந்துச்சு. உங்கம்மாவைத் தொணைக்கு வெச்சுக்கிட்டுக் கேட்டேன்: "ஏனுங்க அம்மிணி, 1995க்கு முந்தி ஓநாய்க் கூட்டமே இல்லையே, அப்ப மான் கெடைக்காம வந்தா உங்க ஊட்டுக்காரரு என்ன சொல்வாரு?" கெழவி ஒரு நிமிசம் கூட யோசிக்கலை. "கலிபோர்னியாக்காரங்க"ன்னுச்சு.

அதைக் கேட்டு மொதல்ல சிரிச்சது தாடிக்காரரு, ரெண்டாவது கண்ணாடிக்காரரு. அந்த ஒரு விசயத்துல அவீங்களுக்குள்ள ஒத்துமை உண்டு. ஆகவே சனிக்கெழமை பேச்சு முத்துனா, எந்தப் பக்கமும் சாயாம, "இந்த வருசம் மலையில வெளியூரு நம்பர் பிளேட்டு நெம்ப எச்சுங்களா?"ன்னு மட்டும் கேட்டுப்போட்டுக் காப்பியைக் குடி. பொறவு பாரு.

அப்பறம் உன்ற டேக் விசயம். நீ வெறுங்கையோட வந்து உங்கம்மாகிட்ட ஓநாய்னு கதை உட்டுறாத. உன்ற அலாரம் அஞ்சு மணிக்கு அடிச்சா எட்டு மணிக்கு எந்திரிப்பேன்னு அவகிட்ட நான் நேத்தே சொல்லிப்போட்டேன்.